ஆல் இந்தியா லைனுக்குப் போனால் மாதத்தில் எத்தனை ராத்திரி வீட்டில் தங்க முடியும்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி (பாலக்காடு மாவட்டம்)

வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரர் இப்போ கஞ்சிக்கோட்டிலிருந்து கோயமுத்தூருக்கு லோக்கல் லோடு ஓட்டுறாருங்க. எவ்வளவு நேரமானாலும் ராத்திரி வீடு வந்து சேர்ந்துருவார். சங்ககிரிப் பக்கம் ஒரு ஓனர் 12 வீல் வண்டி தர்றேன், ஆல் இந்தியா லைன் ஓட்டுன்னு கூப்பிடுறார். பெரும்பாலும் குஜராத் லைனாம். போகையில் பொள்ளாச்சி, கோயமுத்தூர்ச் சரக்கு. வரும்போது மோர்பி டைல்ஸ், எர்ணாகுளத்தில் இறக்கணும். சம்பளம் நடைக்கு இவ்வளவுன்னு பேச்சு. லீவைப் பற்றிக் கேட்டா, "மாசத்துல ஒரு வாரம் வீட்டுல இருந்துக்கலாம்"னு ஒரே வார்த்தையில் முடிச்சுட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது மூணு. நிஜமா எத்தனை நாள் வீட்டில் இருப்பார்? இருக்கிற நாளுக்குக் காசு உண்டா? லோடோட வாளையாறு வழியா வர்ற வண்டியை ஒரு ராத்திரி நிறுத்திட்டு வீட்டுக்கு வந்து போகலாமா? சின்னப் பிள்ளைங்க ரெண்டு இருக்குங்க. அதனால "போகப் போகத் தெரியும்"ங்கிற பதில் மட்டும் வேண்டாம்.

பதில் 1: மதுக்கரை புக்கிங்

அம்மணி, "மாசத்துக்கு ஒரு வாரம்" என்று யார் சொன்னாலும் அதை நாள் கணக்கில் வாங்காதீங்க. நடைக் கணக்கில் கேளுங்க. லைன் வண்டியில் லீவு காலண்டரைப் பார்த்து வராதுங்க. ஒரு லோடு இறங்கி, அடுத்த லோடு ஏறும் வரை இருக்கிற இடைவெளிதான் லீவு. அந்த இடைவெளி உங்க ஊர்ப் பக்கம் விழுந்தால் வீடு. மோர்பியில் விழுந்தால் டீக்கடை பெஞ்சு.

குஜராத் நடையைப் பிரிச்சுப் பார்க்கலாம். கோயமுத்தூரிலிருந்து அகமதாபாத் பெங்களூரு, மும்பை வழியாக ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். ஒற்றை டிரைவர் நிதானமாக ஓட்டினால் நாளைக்கு 400, அதாவது அஞ்சு நாள். இறக்க ஒரு நாள். அங்கிருந்து மோர்பிக்குக் காலி வண்டியாக 200 கிலோமீட்டர் சொச்சம் போய், லோடு கிடைச்சு ஏற்றி முடிக்க ஒண்ணிலிருந்து மூணு நாள். வரும்போது எர்ணாகுளம் வரை 2,200 கிலோமீட்டர், அஞ்சாறு நாள். இறக்க ஒரு நாள். கூட்டினால் 13-லிருந்து 16 நாள். அதன்மேல் வீட்டில் மூணு நாள் என்றால் ஒரு சுற்று 16-லிருந்து 19 நாள். முப்பது நாளுக்கு ஒண்ணரையிலிருந்து ரெண்டுக்குள் நடை வரும். நடைக்கு மூணு ராத்திரி என்று வைத்தால் மாதம் அஞ்சு, ஆறு ராத்திரி. ஓனர் சொன்ன "ஒரு வாரம்" பொய்யில்லை. ஆனால் எல்லாம் சரியாக அமைஞ்சால்தான் அதுவும்.

கெடுவது எங்கேன்னா, ரிட்டர்ன் லோடு. தீபாவளியை ஒட்டி குஜராத்தில் வியாபாரம் மூடினால் லாப பஞ்சமிக்குத்தான் திறப்பாங்க. அது தீபாவளிக்குப் பிறகு அஞ்சாம் நாள். ஹோலிக்கு ஏற்றுக்கூலி ஆளுங்க ஊருக்குப் போயிருவாங்க. அந்த நேரத்தில் மேலே போய் மாட்டினால் ஒரு வாரம் அங்கேயே போச்சு. வீட்டில் இருக்க வேண்டிய நாளை எடுத்துத்தான் அந்தக் காத்திருப்பை ஈடுகட்டுவாங்க.

பண்டிகைக்குப் பின்னோக்கி எண்ணணும். பொங்கலுக்கு வீட்டில் இருக்கணும்னா டிசம்பர் 26, 27-க்குள் கோயமுத்தூரை விட்டு வண்டி கிளம்பியிருக்கணும். அதைத் தாண்டி வர்ற குஜராத் லோடு வேண்டாம்னு சொல்லி, பெங்களூரு, ஐதராபாத் மாதிரி சின்ன நடை கேட்கலாம். இதை ஓனரிடம் டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லி வைக்கணும். லோடு போட்ட பிறகு சொன்னால் அது சண்டையாகத்தான் முடியும்.

இன்னும் ரெண்டு வகை உண்டு. ரெண்டு லாரிக்கு மூணு டிரைவர் வைத்திருக்கிற ஓனர்களிடம் மாத்து டிரைவர் முறை: 20 நாள் லைன், 10 நாள் வீடு. வண்டி நிற்காது, ஆள் மட்டும் மாறுவார். குடும்பஸ்தருக்கு இதுதான் நல்லது. ஓனரிடம் எத்தனை வண்டி, எத்தனை டிரைவர்னு முதல் கேள்வியாகக் கேளுங்க. வண்டிக்கு ஒரு டிரைவர் மட்டும்தான்னா, அவர் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு நாளும் வண்டி சும்மா நிற்குது, ஃபோன் வந்துக்கிட்டே இருக்கும்.

அடுத்தது எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று. எட்டு வருஷம் வரையான வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வயசான வண்டிக்கு வருஷா வருஷம். டிங்கரிங், பெயின்ட், பட்டா (ஸ்பிரிங்) வேலைன்னு வண்டி ஒண்ணு, ரெண்டு வாரம் பட்டறையில் நிற்கும். சில ஓனருங்க இதையே "லீவு கொடுத்தாச்சு"ன்னு கணக்கில் சேர்ப்பாங்க. பட்டறையில் வண்டியோட டிரைவரும் நிற்கணும்னா அது வேலை, லீவு இல்லை. அந்த நாளுக்குப் படி பேசணும்.

பதில் 2: பன்னெண்டு வீல்

தங்கச்சி, மேல சொன்ன கணக்கு சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்க. லீவு எங்கிருந்து ஆரம்பிக்குதுன்னு பாரு. வண்டியைச் சங்ககிரி செட்டுல விட்டாத்தான் கணக்குன்னா, அங்கிருந்து கொழிஞ்சாம்பாறை வரப் பஸ்ஸுல அரை நாள், திரும்பப் போக அரை நாள். மூணு நாள் லீவு ரெண்டாயிரும். எர்ணாகுளத்துல இறக்கிட்டு வண்டியோட நேரா ஊருக்கு வந்து, அடுத்த லோடைப் பொள்ளாச்சி இல்லைன்னா கஞ்சிக்கோட்டுல ஏத்துறதுன்னு பேசிட்டா ஒரு நாள் மிச்சம். பொள்ளாச்சி உங்களுக்குப் பக்கம்தானே.

லோடோட வீட்டுக்கு வரலாமான்னு கேட்ட. வரலாம், ஆனா சரக்கைப் பொறுத்தது. இளநீர், காய்கறி ஏத்தினா எங்கயும் நிக்கக் கூடாது, அழுகிரும். டைல்ஸ் அழுகாது. அதுக்குப் பார்க்க வேண்டியது இ-வே பில், அதான் சரக்கு கூட வர்ற ஜிஎஸ்டி சீட்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். மோர்பி-எர்ணாகுளம் 2,200ன்னு பில்லுல இருந்தா 11 நாள் கிடைக்கும். வண்டி நம்பர் பதிஞ்ச நாள் கணக்குல வராது, மறுநாள் நடுராத்திரி முடியறப்பதான் முதல் நாள் முடியும். ஆறு நாள்ல வாளையாறு வந்துட்டா ரெண்டு ராத்திரி வீட்டுல தங்கினாலும் பில் உயிரோட இருக்கும். ஆனா மோர்பியிலயே லோடு ஏறிப் பில் போட்ட பிறகு மூணு நாள் நிறுத்தி வெச்சிருந்தா, அந்த நாளும் அதுலதான் போகும். ஏத்தின அன்னைக்கே பில்லைப் பார்த்து, முடியற தேதியைப் பேப்பர்ல எழுதி முன்னாடி கண்ணாடிப் பக்கம் ஒட்டிக்கணும்.

பில் முடிஞ்சிட்டா, முடியறதுக்கு முன்ன எட்டு மணி நேரம், முடிஞ்ச பிறகு எட்டு மணி நேரம், அதுக்குள்ளதான் நீட்டிக்க முடியும். அதை டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்தான் செய்யணும், ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க யாரும் ஃபோன் எடுக்க மாட்டாங்க. செத்த பில்லோட பிடிபட்டா வரிக்கு ரெண்டு மடங்கு அபராதம் கேட்பாங்க. ஒரு லோடு டைல்ஸுக்கு அது எவ்வளவு வரும்னு யோசிச்சுக்க. அந்தப் பழி டிரைவர் தலையிலதான் விழும்.

பில் சரியா இருந்தாலும் ஓனருக்குச் சொல்லாம நிறுத்தாதே. ஜிபிஎஸ்ல வண்டி நிக்கிறது தெரியும். "ஒரு ராத்திரி வீட்டுல நிக்குது, நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்புது"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி போதும். பேச்சுல சொன்னது நாளைக்கு நிக்காது, எழுத்து நிக்கும்.

கேரளாவுல இறக்கறது யூனியன் ஆளுங்க. சனிக்கிழமை சாயங்காலம் எர்ணாகுளம் போய்ச் சேர்ந்தா பெரும்பாலும் திங்கக்கிழமை காலைலதான் இறங்கும். ஞாயித்துக்கிழமை முழுக்க ரோட்டோரம் வண்டிக்குள்ள வேகறதுக்கு, சனிக்கிழமை ஊர்ல நிறுத்திட்டு ஞாயிறு ராத்திரி கிளம்பினா 150 கிலோமீட்டர்தான், விடியறதுக்குள்ள கேட்டுல நிக்கலாம். வருஷத்துல இப்படிக் கிடைக்கிற ஞாயிறு நிறைய. ஓணத்துக்கு நாலஞ்சு நாள் ஒண்ணுமே இறங்காது, அப்பவும் இதேதான்.

வண்டியை எங்க நிறுத்தறதுங்கறது அடுத்த விஷயம். வீட்டு வாசல்ல வேண்டாம். கொழிஞ்சாம்பாறை ரோடு லோடு வண்டி திரும்பற அகலம் இல்லை, தென்னை மட்டை, கரண்டுக் கம்பின்னு மேலயும் இடிக்கும். நாலு வழிச் சாலை ஓரத்துலயும் வேண்டாம்; பின்னால வர்ற வண்டி இடிச்சா தப்பு நம்ம பேர்லதான். டீசல் போடற பங்க், இல்லைன்னா ஆள் இருக்கற எடை மேடைப் பக்கம் கேட்டு நிறுத்தணும். சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஏர் டேங்க் தண்ணியைத் திறந்து விடணும். தார்பாய், கயிறை ஒரு சுத்து பார்த்துட்டு ஃபோட்டோ எடுத்து வெக்கணும். டீசல் டேங்க் மூடிக்குப் பூட்டு.

பிஎஸ்6 வண்டின்னா முக்கியமானது: சாவி ஆஃப் பண்ண உடனே பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பாதே. ஆட்புளூ (புகையைச் சுத்தப்படுத்த ஊத்தற திரவம்) பம்பு பைப்புல இருக்கறதைத் திரும்ப டேங்குக்கு இழுக்க ரெண்டு நிமிஷம் ஆகும். நடுவுல கரண்ட்டை வெட்டினா உள்ளயே உப்பா உறைஞ்சு, அடுத்த தடவை ஸ்டார்ட் பண்றப்ப எச்சரிக்கை லைட் எரியும், அப்புறம் வண்டி இழுக்காது. ஒரு ராத்திரிக்கு கட்-ஆஃப் தேவையே இல்லை. மூணு நாளுக்கு மேல நின்னாத்தான், அதுவும் ஓனர்கிட்ட சொல்லிட்டு. கட்-ஆஃப் போட்டா ஜிபிஎஸ் கொஞ்ச நேரத்துல இருட்டாயிரும், வண்டி திருடு போச்சுன்னு அவங்க பதறுவாங்க.

சாவியை வண்டிக்குள்ள எங்கயும் ஒளிச்சு வெக்காதே. திருடு போனா இன்சூரன்ஸ்காரங்க ரெண்டு சாவியையும் கேட்பாங்க, ஒண்ணு வண்டியில இருந்துச்சுன்னு தெரிஞ்சா கை விரிச்சிருவாங்க.

பதில் 3: மதுக்கரை புக்கிங்

ஞாயிறு விஷயத்தில் ஒரு திருத்தம்ங்க. ஹால்டிங் காசு, அதாவது இறக்கக் காத்து நிற்கிற நாளுக்கான காசு, கேட்டில் ரிப்போர்ட் செய்த நேரத்திலிருந்துதான் ஓடும். சனிக்கிழமை போய்ப் பதிவு போட்டால் திங்கள் வரை நிற்கிற நாளுக்கு ஓனர் ஹால்டிங் கேட்கலாம். ஊரில் நிறுத்தினால் அது போச்சு. அதனால் சில ஓனருங்க இதற்கு ஒத்துக்க மாட்டாங்க. ஹால்டிங்கில் டிரைவருக்குப் பங்கு உண்டான்னு முதலில் பேசிக்குங்க. பங்கு இல்லைன்னா, ரோட்டோரம் காத்துக் கிடக்கச் சொல்ல அவர்களுக்கு என்ன நியாயம்? இறக்கும் கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமையே ஃபோன் போட்டு, "திங்கள் காலை எத்தனையாவது வண்டி" என்று கேட்டு வைத்தால் ரெண்டு பக்கமும் நஷ்டமில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகி:

ரொம்ப நன்றிங்க. காசு விஷயம் யாராவது சொல்லுங்க. அதோட, ஓனர் அம்பதாயிரம் முன்பணம் தர்றேன், ஒரிஜினல் லைசென்ஸை ஆபீஸ்ல வெச்சிருங்கன்னு சொல்றாராம். சட்டத்துல லீவு இருக்குன்னு சொல்றாங்களே, அது லாரி டிரைவருக்கு உண்டா?

பதில் 4: கணக்கர், பாலக்காடு

லைசென்ஸிலிருந்து தொடங்குகிறேன். ஒரிஜினலைக் கொடுக்க வேண்டாம். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டினாலே வழியில் செல்லும் என்பது உண்மை. ஆனால் ஓனர் ஆபீஸில் ஒரிஜினல் இருந்தால், வேறு வண்டிக்கு மாற நினைக்கிற அன்று அது பிடிமானம் ஆகிவிடும். நகலைக் கொடுங்கள்.

முன்பணமும் அதே கயிறுதான். முன்பணம் நிலுவையில் இருக்கிற வரை "இந்த நடை வேண்டாம், வீட்டில் இருக்கிறேன்" என்று சொல்ல வாய் வராது. ஒரு நடைக் கூலிக்கு மேல் முன்பணம் வாங்காதிருப்பது நல்லது. வாங்கினால் நடைக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் இருக்கும் நாளுக்குக் காசு உண்டா என்றால், நடைக்கூலியில் கிடையாது. அதனால் கூலியை ஓடும் நாளால் வகுக்காமல் மொத்த நாளால் வகுத்துப் பாருங்கள். பேச்சுக்கு நடைக்கு 15,000 என்று வைத்துக்கொள்வோம். 15 நாள் ஓட்டம் என்றால் நாளுக்கு ஆயிரம் போலத் தெரியும். வீட்டில் மூன்று நாளைச் சேர்த்தால் 18 நாள், நாளுக்கு 833. மோர்பியில் நான்கு நாள் கூடுதலாகக் காத்திருந்தால் 22 நாள், நாளுக்கு 682. இப்போது லோக்கல் ஓட்டி ராத்திரி வீட்டுக்கு வருகிற வருமானத்தோடு இந்தக் கடைசி எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். லோடுக்காகக் காத்திருக்கும் நாளுக்கு, அதாவது இரண்டாம் நாளுக்கு மேல், தனிப்படி வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

லீவு நாளைத் தின்கிற இன்னொன்று கணக்கு முடிப்பது. நடை முடிந்து ஓனர் ஆபீஸில் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டே தகராறு.

ஒன்று, சரக்கு பெற்றதற்கான சீல் வைத்த எல்.ஆர். (லாரி ரசீது) நகல். அது வந்தால்தான் ஓனருக்குப் பாக்கி வாடகை வரும். அது வராமல் டிரைவர் கணக்கும் முடியாது. இறக்கிய இடத்தைவிட்டு நகருமுன் அதில் சீல், கையெழுத்து, தேதி, வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே படம் எடுத்து அனுப்ப வேண்டும். டைல்ஸில் உடைந்த பெட்டிகள் இருந்தால் எண்ணிக்கையை எழுதாமல் "டேமேஜ் உண்டு" என்று மட்டும் எழுத விடக் கூடாது. எண்ணிக்கை இல்லாத டேமேஜ் பிறகு வளர்ந்துகொண்டே போகும்.

இரண்டாவது, டீசல். ஒரு சுற்றுக்கு 4,400 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று ஓனர் கணக்கு வைத்தால் 1,100 லிட்டர். வண்டி 3.8 தான் கொடுத்தது என்றால் 1,158 லிட்டர். இந்த 58 லிட்டர்தான் சண்டை. கிளம்பும்போது டேங்கை விளிம்பு வரை நிரப்பி கிலோமீட்டர் மீட்டரைப் படம் எடுங்கள். திரும்பி வந்ததும் அதே பங்கில் அதேபோல் நிரப்பி மறுபடி படம். டயரில் காற்று குறைந்தாலும், எடை கூடினாலும், இறக்கும் இடத்தில் மணிக்கணக்காக இன்ஜின் ஓடியபடி வரிசையில் நகர்ந்தாலும் மைலேஜ் விழும். ஒரு மணி நேரம் ஐடிலில் நின்றால் இரண்டு லிட்டர் போலப் போகும் என்பதைக் கணக்கில் எழுதி வைப்பது தவறில்லை. பில், எடைச்சீட்டு, இறக்குக்கூலி ரசீது எல்லாவற்றையும் அன்றன்றே படமெடுத்து அனுப்பிவிட்டால் கணக்கு ஃபோனிலேயே முடியும், சங்ககிரி போக வேண்டாம்.

சட்டம் பற்றி. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்று வைத்தது. அறிவிக்கப்பட்ட நீண்ட தூரத் தடங்களிலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது என்றது. வார ஓய்வு கொடுக்க முடியாமல் போனால் பிறகு ஈட்டு விடுப்பு. வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்தால்தான் பொருந்தும். நான்கைந்து லாரி வைத்திருப்பவருக்கு இதனால் நேரடியாகக் கட்டாயம் இல்லை. பெரிய நிறுவனமாக இருந்து மாதச் சம்பளம் என்றால் கேட்டு வாங்க உரிமை உண்டு. சிறிய ஓனரிடம் பேசி எழுதிக்கொள்வதுதான் வழி.

ஒன்று விட்டுப்போனது. லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். கனரகத்துக்கு ஐந்து வருடம். முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தில் போய்விட்டது. தேதி முடிந்த பிறகும் ஓட்டலாம் என்று இருக்காதீர்கள். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என்பதால், ஏதாவது ஒரு லீவில் மருத்துவச் சான்று வாங்கி உங்கள் பக்கத்துச் சித்தூர் ஆர்டிஓ ஆபீஸ் வேலையை முடித்துவிடுங்கள். மோர்பியில் இருக்கும்போது தேதி முடிந்தால் விபத்து நேர்ந்த அன்று எல்லாரும் கைவிடுவார்கள்.

பதில் 5: தொப்பூர் இறக்கம்

காசும் பில்லும் எல்லாம் சொல்லிட்டீங்க. தூக்கத்தைப் பற்றி யாரும் சொல்லலை. வீட்டு லீவில் ஆபத்தான ராத்திரி ரெண்டு: வீட்டுக்கு வர்ற கடைசி ராத்திரி, வீட்டை விட்டுக் கிளம்புற முதல் ராத்திரி.

வரும்போது பெங்களூரு தாண்டினதும் "இன்னும் கொஞ்ச தூரம்தான், விடியறதுக்குள்ள வீடு"ன்னு மனசு ஓடும். கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம் வரும்போது ராத்திரி ரெண்டு, மூணு மணியாயிருக்கும். சேலம் நோக்கி வர்ற வண்டிக்குத்தான் அது இறக்கம். லோடு வண்டியை டீசல் மிச்சத்துக்காக நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு போயிரும். கூடவே கண்ணும் சொக்கும். ஏறின கியரிலேயே இறங்கணும். இன்ஜின் பிரேக்கைக் கடைசி வரை விடக் கூடாது. அதைவிட நல்லது, தருமபுரிக்கு முன்னாடியே நிறுத்தி நாலு மணி நேரம் தூங்கிட்டு விடிஞ்ச பிறகு இறங்குறது. தொப்பூரிலிருந்து வாளையாறுக்கு இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கு. நீங்க ஃபோன் பண்ணி "எப்ப வருவீங்க, பிள்ளைங்க தூங்காம இருக்குங்க"ன்னு கேட்கிறது அன்பில்தான், ஆனால் அந்த வார்த்தை ஆக்சிலரேட்டரை மிதிக்க வைக்கும். காலைச் சாப்பாட்டுக்கு வாங்கன்னு சொல்லுங்க.

கிளம்புற நாள் இன்னும் மோசம். காலை எட்டு மணிக்கு லோடிங்குக்குப் போய், சாயங்காலம் ஏழு மணிக்கு ஏறி முடிஞ்சு, தார்பாய் கட்டி, ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பி, விடிய விடிய ஓட்டுறது. அந்த நாளை வீட்டில் இருந்த நாளாக எண்ணவே கூடாது. ஏறி முடிஞ்சதும் வண்டியை நிறுத்தி வீட்டில் தூங்கி, காலை அஞ்சு மணிக்குக் கிளம்பணும். சரக்கு அவசரம்னா லோடிங்குக்கு மட்டும் ஒரு ஆக்டிங் டிரைவரை அனுப்பலாம். இ-வே பில்லில் வண்டி நம்பர்தான் இருக்கும், டிரைவர் பேர் இல்லை, ஆள் மாறினால் பில்லில் எதுவும் மாற்ற வேண்டாம்.

வந்த அன்னைக்கே கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை எல்லாம் அடுக்காதீங்க. முதல் நாள் ராத்திரி முழுத் தூக்கம். பகலில் தூங்கினால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இல்லைன்னா ராத்திரி தூக்கம் வராது. ரெண்டாம் நாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துட்டா அந்த மாசத்துக்குக் கவலை இல்லை. மூணாம் நாள் மதியத்துக்கு மேல் எங்கேயும் வெளியூர் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க.

கொழிஞ்சாம்பாறை வாசகி:

ஆக்டிங் டிரைவர் பற்றி இன்னொண்ணு கேட்டுக்கறேன். வீட்டில் இருக்கிறப்ப வேற ஆள் வண்டியை எடுத்துட்டுப் போய் ஏதாவது காணாமப் போச்சுன்னா இவர்தானே பதில் சொல்லணும்?

பதில் 6: பன்னெண்டு வீல்

எழுதாம ஒப்படைச்சா இவர்தான், தங்கச்சி. அதனால சாவி கை மாறும்போது பத்து நிமிஷம் செலவு பண்ணணும். ஜாக்கி, லிவர், வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, தார்பாய் எத்தனை, கயிறு எத்தனை, தீயணைப்பான், முக்கோணப் பலகை, ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், எஃப்சி, புகைச் சான்று. இதெல்லாம் ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பணும். டீசல் முள் எங்க நிக்குது, மீட்டர் எவ்வளவுங்கறதும் அதுல வரணும்.

எல்லாரும் விடற இடம் டயர். பன்னெண்டு டயரும் ஸ்டெப்னியும் சேர்த்துப் பதிமூணு. ஒவ்வொண்ணு பக்கவாட்டுலயும் நம்பர் அச்சடிச்சிருக்கும். உள் ஜோடி டயர் நம்பரைப் படிக்கக் குனிஞ்சு டார்ச் அடிக்கணும், அதனாலேயே யாரும் எழுத மாட்டாங்க. மாத்தறவனும் உள் ஜோடியைத்தான் மாத்துவான். புது டயரைக் கழட்டிட்டு ரீட்ரேட் (பழசுல புது ரப்பர் ஒட்டினது) மாட்டினா வெளியில இருந்து பார்த்தாத் தெரியாது. ரெண்டு பேட்டரியோட நம்பரையும் அதோட எழுதிக்கணும். திரும்ப வாங்கறப்பவும் அதே தாளை வெச்சு ஒவ்வொண்ணாப் பார்த்துட்டுத்தான் சாவி வாங்கணும். ராத்திரி இருட்டுல ஒப்படைச்சா, "காலைல பார்த்துட்டுக் கையெழுத்து போடறேன்"னு சொல்லிரச் சொல்லு.